“தடுமன் பிடிச்சிருக்கு டாக்டர்!” - மூக்கு ஒழுகுறதுக்கு நம்ம ஊர்ல இத்தனை பேரா?

மழைக்காலம் தொடங்கினால் போதும். வீட்டில் ஒருவர் தும்முவார். மறுநாள் இன்னொருவர். மூன்றாவது நாள் பார்த்தால், மொத்த வீடும் கைக்குட்டையும் கையுமாகத் திரியும். அப்போது நீங்கள் என்ன சொல்வீர்கள்? ‘சளி பிடிச்சிருக்கு’ என்பீர்களா, ‘ஜலதோஷம்’ என்பீர்களா, இல்லை ‘மூக்கு ஒழுகுது’ என்று நேரடியாகவே சொல்லிவிடுவீர்களா?

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்து ஆளாக இருந்தால் இந்த மூன்றையும் தள்ளிவைத்துவிட்டு, ‘தடுமன் பிடிச்சிருக்கு’ என்பீர்கள். அதைக் கேட்கும் சென்னைக்காரர், ‘என்னது... தடுமனா?’ என்று முழிப்பார்.

ஏதோ வட்டாரச் சொல் என்று கடந்துபோக வேண்டாம். உடம்பில் எந்த இடத்தில் தொந்தரவு என்பதைப் பிசகாமல் சொல்லும் சொல் அது. இன்று நாம் மூக்கில் வருவதையும் சளி என்கிறோம், தொண்டையில் கட்டுவதையும் சளி என்கிறோம், நெஞ்சில் கரகரப்பதையும் சளி என்கிறோம். ‘குழந்தைக்குச் சளி’ என்று மருந்துக்கடையில் சொன்னதும் ஒரு பாட்டில் கைக்கு வந்துவிடுகிறது. அந்த பாட்டில் உண்மையிலேயே தேவையா என்ற கேள்விக்கு, நாம் எந்தச் சொல்லைச் சொல்கிறோம் என்பதிலும் பாதி பதில் இருக்கிறது.

தடுமன்... இருமலில் சேராது!

தென்மாவட்டங்களில் இந்தச் சொல் எப்படிப் புழங்குகிறது என்று கவனித்துப் பாருங்கள். ‘பிள்ளைக்கு ஒரே தடுமனா இருக்கு’, ‘ஐஸ் திங்காத... தடுமன் புடிக்கும்’, ‘தடுமன்ல தலையே தூக்க முடியல’ என்பார்கள். மூக்கு ஒழுகுவது, தும்மல், மூக்கடைப்பு, தலைபாரம் எல்லாம் இதில் அடக்கம். ஆனால் இருமல் அடக்கம் இல்லை. இருமலும் சேர்ந்து வந்தால், ‘தடுமனும் இருமலுமா கிடக்கான்’ என்று தனியாகத்தான் சொல்வார்கள். ‘நெஞ்சுல தடுமன்’ என்று யாரும் சொல்லிக் கேட்க முடியாது. தடுமனின் எல்லை கழுத்துக்கு மேலேதான்.

கடல் தாண்டி இலங்கைக்குப் போனால் இதே சொல் ‘தடிமன்’ ஆகிறது. அங்கே தமிழ் பேசும் வீடுகளில் தடிமன்தான் அன்றாடச் சொல். ‘தடிமன், காய்ச்சல், இருமல்’ என்று மூன்றையும் மூன்றாகவே அடுக்குவார்கள். தமிழ்நாட்டில் தடிமன் என்றால் பருமன் என்றுதான் பலருக்கும் புரியும். தடிமனான புத்தகம், தடிமனான போர்வை என்கிறோமே, அது. மூக்கு வீங்கி, முகம் உப்பி, குரல் தடித்துப்போய் நிற்கும் ஆளைப் பார்த்தால், இரண்டு தடிமனுக்கும் ஏதோ சொந்தம் இருக்கும்போல என்றுதான் தோன்றுகிறது.

ஊருக்கு ஒரு பேர்... பேருக்கு ஒரு காரணம்!

‘ஜலதோஷம்’ வடமொழி வழி வந்த சொல். ஜலம் என்றால் நீர், தோஷம் என்றால் குற்றம். நீரால் வந்த கேடு என்று பொருள். பக்கத்து மாநிலமான கேரளாவிலும் ஜலதோஷம் என்றே சொல்கிறார்கள். மூக்கு ஒழுகுவதை மட்டும் சொல்ல வேண்டுமென்றால் ‘மூக்கொலிப்பு’ என்று அவர்களிடம் தனிச்சொல் இருக்கிறது. தெலுங்கில் ‘ஜலுபு’, கன்னடத்தில் ‘நெகடி’.

‘நீர்க்கோவை’ நம் பாட்டிமார் சொல். ‘தலைக்குக் குளிச்சிட்டு ஈரத்தோட படுக்காத, நீர் கோத்துக்கும்’ என்ற அதட்டலைக் கேட்காமல் வளர்ந்த பெண் பிள்ளைகள் குறைவு. தலைக்குள் நீர் கோத்துக்கொண்டு பாரமாக நிற்பதுதான் நீர்க்கோவை. நாட்டு மருந்துக் கடைகளில் இன்றும் நீர்க்கோவை மாத்திரை கிடைக்கிறது. மாத்திரை என்றதும் விழுங்கிவிட வேண்டாம். அது உரைத்து நெற்றியில் பற்றுப் போடுகிற சித்த மருந்து.

‘பீனிசம்’ என்ற சொல் சித்த மருத்துவத்தில் உண்டு. நாள்பட்ட மூக்கடைப்பு, நெற்றியிலும் கன்னத்திலும் வலி என்று இன்று ‘சைனஸ்’ என்று நாம் சொல்லும் தொந்தரவுக்கு நெருக்கமான சொல் அது.

அப்புறம் இருக்கவே இருக்கிறது சளி. மூக்குச்சளி, மண்டைச்சளி, நெஞ்சுச்சளி என்று முன்னொட்டோடு சொல்லும்வரை குழப்பம் இல்லை. தொண்டையில் கட்டுவதைக் ‘கோழை’ என்றும், நெஞ்சில் சேர்வதைக் ‘கபம்’ என்றும் சொல்லும் வழக்கமும் இருந்தது. நாளாக ஆக முன்னொட்டு போய், கோழையும் கபமும் போய், எல்லாமே ‘சளி’ ஆகிவிட்டது.

ஒழுகுதா, வடியுதா, கொட்டுதா, அடைச்சிருக்கா?

நோயின் பெயரைவிட, அதோடு நாம் சேர்க்கும் வினைச்சொல் இன்னும் அதிகம் பேசும். தமிழில் மூக்குக்கு மட்டும் எத்தனை வினைகள் என்று பாருங்கள்.

‘கொட்டுது’, ‘ஊத்துது’ என்றால் தண்ணீர் மாதிரி, நிற்காமல். தும்மலும் கூடவே இருக்கும். தடுமனின் முதல் ஓரிரு நாளும் இப்படித்தான், ஒவ்வாமையும் இப்படித்தான். காய்ச்சல் இல்லை, கண்ணும் மூக்கும் அரிக்கிறது, ஒட்டடை அடித்தாலோ பெருக்கினாலோ ஆரம்பித்துவிடுகிறது என்றால், ஒவ்வாமையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

‘ஒழுகுது’, ‘வடியுது’ என்றால் மெதுவாக, கொஞ்சம் கெட்டியாக. தடுமன் நடுக்கட்டத்துக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

‘அடைச்சிருக்கு’ என்றால் வெளியே எதுவும் வராது. மூக்கின் உட்சுவர் வீங்கி வழியை மறித்திருக்கும். ராத்திரியில்தான் தொந்தரவு அதிகம்.

‘ஒரு பக்கம் மட்டும் ஒழுகுது’ என்பது முக்கியமான வாக்கியம். சின்னக் குழந்தைக்கு ஒரே ஒரு நாசித் துவாரத்தில் மட்டும், அதுவும் கெட்ட வாடையோடு ஒழுகினால், உள்ளே பட்டாணியோ, பாசிமணியோ, பஞ்சோ மாட்டியிருக்கலாம். வீட்டில் குச்சி விட்டு எடுக்கப் பார்க்காமல், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விட வேண்டும். விழுங்கி வைத்த பொருள் சிறிய பட்டன் பேட்டரியாக இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. மூக்குக்குள் மாட்டினாலும் அதே அவசரம்தான்.

‘தலையில அடிபட்டதுல இருந்து தண்ணியா ஒழுகுது’ என்றால் அது தடுமனே இல்லை. மூளையைச் சுற்றியுள்ள நீர் கசியலாம். உடனே ஆஸ்பத்திரிதான்.

ஒரு சுவையான தகவல். கூரை ஒழுகுகிறது, மூக்கு ஒழுகுகிறது என்கிறோமே, அதே ‘ஒழுகு’ என்ற வினையில் பிறந்ததுதான் ‘ஒழுக்கம்’. நீர் ஒரு வழியில் ஓடுவது ஒழுகுதல். மனிதன் ஒரு நெறியில் நடப்பதும் ஒழுகுதல். அடுத்த முறை ‘ஒழுங்கா மூக்கைத் துடை’ என்று பிள்ளையை அதட்டும்போது நினைத்துக்கொள்ளுங்கள்!

கேலியும் நாமே, கொஞ்சலும் நாமே!

மூக்கு ஒழுகுவது நம் பேச்சில் வயதுக்கும் ஓர் அளவுகோல். ‘மூக்கு ஒழுகிட்டுத் திரிஞ்ச காலத்துல இருந்து எனக்கு அவனைத் தெரியும்’ என்று ஒரு பெரியவர் சொன்னால், ‘இன்னைக்கு அவன் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் எனக்குச் சின்னப்பயதான்’ என்று அர்த்தம். ‘மூக்கைச் சிந்திட்டு உட்கார்ந்துட்டா’ என்றால் அங்கே தடுமன் இல்லை, அழுகை. அதிலும் கொஞ்சம் இளக்காரம் கலந்திருக்கும்.

எல்.கே.ஜி-யில் சேர்த்த முதல் வாரம், சட்டையில் ஊக்கு குத்தித் தொங்கவிட்ட கைக்குட்டை ஞாபகம் இருக்கிறதா? பிள்ளைகள் கூட்டமாகச் சேரும் இடத்தில் மூக்கு ஒழுகத்தான் செய்யும் என்று அம்மாக்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. ‘சளிமூக்கு’ என்று பட்டப்பெயர் வாங்கிய பிள்ளைகள்தான் பாவம். ஒவ்வாமையால் மாதக்கணக்கில் மூக்கு ஒழுகும் பிள்ளை, கேலிக்குப் பயந்து உறிஞ்சி உறிஞ்சியே மறைக்கும். கேலியை நிறுத்திவிட்டுக் காரணத்தைப் பார்ப்பதுதான் அந்தப் பிள்ளைக்கு நாம் செய்கிற உதவி.

தும்மலுக்கு நம் மரபில் தனி மரியாதை. தும்மினால் ‘நூறு ஆயுசு’ என்று வாழ்த்துவது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. திருக்குறளின் கடைசிப் பகுதியில், ஊடலில் பேசாமல் இருக்கும் மனைவியைப் பேசவைக்கக் கணவன் தும்முகிறான். தும்மினால் ‘நீடு வாழ்க’ என்று அவள் சொல்லித்தானே ஆக வேண்டும் என்பது அவன் கணக்கு!

மூக்கு ஏன் ஒழுகுது?

மூக்கில் எப்போதும் சளி சுரந்துகொண்டேதான் இருக்கிறது. தூசியையும் கிருமியையும் ஒட்டிப் பிடித்துத் தொண்டைப் பக்கம் தள்ளிவிடுவது அதன் வேலை. நாமும் அறியாமல் விழுங்கிவிடுகிறோம். வைரஸ் நுழைந்ததும் மூக்கின் உட்தோல் வீங்கி, சுரப்பு பல மடங்காகி, முன்பக்கமாக வழிய ஆரம்பிக்கிறது. அதுதான் தடுமன்.

இதற்குக் காரணமான வைரஸ் வகைகள் 200-க்கும் மேல். அதில் முதலிடம் ரைனோவைரஸுக்கு. ‘ரைனோ’ என்பது மூக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. மூக்கில் கொம்புள்ள காண்டாமிருகத்துக்கும் ஆங்கிலத்தில் அதே ரைனோதான்! இத்தனை வகை இருப்பதால்தான் ஒரு தடுமன் போய் அடுத்தது வருகிறது. பெரியவர்களுக்கு வருடத்துக்கு 2, 3 முறையும், சின்னப் பிள்ளைகளுக்கு 6 முதல் 8 முறையும் வருவது இயல்பு. பள்ளிக்கூடம் சேர்ந்த புதிதில் ‘மாசா மாசம் சளி’ என்று கவலைப்படும் பெற்றோர் இந்தக் கணக்கைப் பார்த்துக் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் தானாகவே சரியாகிவிடும். இடையில் சளி மஞ்சளாக, பச்சையாக மாறும். ‘பச்சையாயிடுச்சு, ஆன்டிபயாட்டிக் வாங்கணும்’ என்று பலரும் கடைக்கு ஓடுவது இந்தக் கட்டத்தில்தான். கிருமியோடு சண்டை போட வந்த வெள்ளை அணுக்களில் உள்ள நொதிதான் அந்தப் பச்சைக்குக் காரணம். நிறத்தை மட்டும் வைத்து பாக்டீரியா என்று முடிவுகட்ட முடியாது. ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. தேவையில்லாமல் சாப்பிட்டால், நிஜமாகவே அந்த மருந்து தேவைப்படும் நாளில் அது வேலை செய்யாமல் போகலாம்.

அந்த பாட்டில் தேவையா?

2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் இருந்து வந்த செய்தி பல பெற்றோரின் தூக்கத்தைக் கெடுத்தது. சிந்த்வாரா மாவட்டத்தில் சாதாரணச் சளி, இருமல், காய்ச்சலுக்காக சிரப் குடித்த குழந்தைகள், சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். பலி 20-ஐத் தாண்டியது. அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலை ஒன்றில். பரிசோதனையில் ‘டைஎத்திலீன் கிளைக்கால்’ என்ற நச்சு வேதிப்பொருள் அனுமதித்த அளவைவிடப் பல மடங்கு இருந்தது தெரியவந்தது. ஆலையின் உரிமத்தைத் தமிழக அரசு ரத்து செய்தது.

நச்சு கலந்தது ஆலையின் குற்றம். அதற்குப் பெற்றோர் பொறுப்பாக முடியாது. ஆனால் அதையொட்டி எழுந்த இன்னொரு கேள்வி நம் வீட்டுக்குரியது. தானாகச் சரியாகும் தடுமனுக்குச் சின்னக் குழந்தைக்கு சிரப் எதற்கு?

அந்த அக்டோபரில் மத்திய அரசின் சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் மாநிலங்களுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சளி, இருமல் மருந்துகளை எழுதவோ கொடுக்கவோ கூடாது, 5 வயதுக்குட்பட்டவர்களுக்கும் பொதுவாக அவை பரிந்துரைக்கத்தக்கவை அல்ல என்றது அது. அதற்கு முன்பே, 2023 டிசம்பரில், சளி மருந்துகளில் பரவலாக இருக்கும் ‘குளோர்பெனிரமின் - பினைலெப்ரின்’ கூட்டு மருந்தை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரக் கூடாது என்று பாட்டிலிலேயே எச்சரிக்கை அச்சிடச் சொல்லி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிட்டது. உங்கள் வீட்டு அலமாரியில் போன மழைக்காலத்து பாட்டில் மிச்சம் இருந்தால், லேபிளை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

வீட்டு வைத்தியம்... எதைச் செய்யலாம், எதை விடணும்?

சூடான மிளகு ரசம், சுக்குக் காபி, கற்பூரவல்லிச் சாறு எல்லாம் வளர்ந்தவர்களுக்கு இதமாக இருக்கும். வைரஸை விரட்டாது, ஆனால் தொண்டைக்கும் மனசுக்கும் சுகம். 1 வயது தாண்டிய குழந்தைக்கு இருமல் இருந்தால் கொஞ்சம் தேன் கொடுக்கலாம். 1 வயதுக்குள் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரியா, கைக்குழந்தையின் நரம்புகளைப் பாதிக்கும்.

கைக்குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுவார்கள். மூக்கு அடைத்தால் பால் குடிக்க முடியாமல் அழுவார்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தைப் பால் கொடுப்பதற்கு முன் விட்டு, மெதுவாகத் துடைத்து எடுத்தால் போதும்.

குளிப்பாட்டும்போது குழந்தையின் மூக்கிலும் காதிலும் வாய் வைத்து ஊதிச் சளி எடுக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. ஊதுகிறவர் வாயில் உள்ள கிருமி நேராகக் குழந்தைக்குப் போகும். பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லி நிறுத்திவிடுங்கள். மூக்கில் எண்ணெய் விடுவதும் வேண்டாம், அது நுரையீரலுக்குள் போய்விடலாம்.

தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தடவுவதையும் கைக்குழந்தைக்குத் தவிர்க்க வேண்டும். கற்பூரம் உடம்புக்குள் போனால் வலிப்புகூட வரலாம். சாம்பிராணிப் புகை குழந்தையின் மூச்சுக்குழாயை எரிச்சலாக்கும். போர்வைக்குள் கொதிக்கும் பாத்திரத்தை வைத்து ஆவி பிடிப்பது பெரியவர்களோடு இருக்கட்டும். பிள்ளைகள் கை பட்டுக் கவிழ்த்தால் வெந்துவிடும்.

மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்தோ ஸ்பிரேயோ போடும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. உப்புநீர் அல்லாத, அடைப்பை உடனே திறக்கும் மருந்துகளை 3 முதல் 5 நாளுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தே அடைப்பை உண்டாக்க ஆரம்பித்துவிடும். விட முடியாமல் தவிப்பவர்கள் நிறைய.

எப்போ தடுமன், எப்போ ஆபத்து?

கழுத்துக்கு மேலே நிற்கும்வரை தடுமன். கீழே இறங்கினால் கதை வேறு. அதை வீட்டிலேயே கண்டுபிடிக்க ஒரு கடிகாரம் போதும். குழந்தை அழாமல் இருக்கும்போது, வயிறும் மார்பும் ஏறி இறங்குவதை முழுதாக 1 நிமிடம் எண்ணுங்கள்.

2 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் 1 வயது வரை 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. நிமோனியாவாக இருக்கலாம் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அடையாளம் இது.

மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு போய்க் கிடந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ நிமிடத்தை எண்ணிக்கொண்டிருக்காமல் கிளம்பிவிட வேண்டும். 3 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். பெரிய பிள்ளைகளுக்கும் 10 நாளாகியும் குறையாவிட்டால், அல்லது குறைந்தபின் மறுபடி காய்ச்சலோடு கூடினால், காட்டுவது நல்லது.

டாக்டர்கிட்ட இப்படிச் சொல்லுங்க!

அடுத்த முறை ஆஸ்பத்திரி போகும்போது ‘சளி டாக்டர்’ என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாதீர்கள். எங்கே என்று சொல்லுங்கள்: மூக்கிலா, தொண்டையிலா, நெஞ்சிலா? எப்படி என்று சொல்லுங்கள்: கொட்டுதா, கெட்டியா வடியுதா, அடைச்சிருக்கா? இரண்டு பக்கமுமா, ஒரு பக்கமா? எத்தனை நாளாக? காய்ச்சல் உண்டா? தூங்குறானா, சாப்பிடுறானா, பால் குடிக்கிறாளா?

இதற்குப் பெரிய மருத்துவ வார்த்தை எதுவும் தேவையில்லை. ‘நாலு நாளா தடுமன், ரெண்டு மூக்கும் ஒழுகுது, இருமல் இல்ல, காய்ச்சல் இல்ல, நல்லா சாப்பிடுறான்’ என்று ஒரு திருநெல்வேலி அம்மா சொன்னால், டாக்டருக்குத் தேவையான விவரத்தில் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடுகிறது. ‘மருந்து எதுவும் வேண்டாம்மா, ரெண்டு நாள் பார்க்கலாம்’ என்று டாக்டர் சொன்னால், நிம்மதியாக வீட்டுக்கு வரலாம்.